பூட்டை உடைக்கல, பாஸ்வேர்டோட வந்தாங்க! 2.15 கோடி பேரின் தகவல் திருடுபோனது எப்படி?

அரசு கம்ப்யூட்டரை ஹேக் செய்துவிட்டார்கள் என்றாலே, இருட்டு அறையில் ஒருவர் படபடவென டைப் அடிக்கும் சினிமா காட்சிதான் நமக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் ஓபிஎம் அலுவலகத்தில் 2014-ல் நடந்தது அப்படி இல்லை. திருடிய பாஸ்வேர்டை வைத்து, ஊழியர் மாதிரியே லாகின் செய்து உள்ளே போனார்கள்.

ஓபிஎம் என்றால் என்ன?

அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகம். அரசு ரகசியங்களைக் கையாளும் வேலைக்கு வருபவர்களின் பின்னணி விசாரணை ஆவணங்களும் இங்கேதான் இருந்தன. அதற்கான படிவம் மட்டுமே 127 பக்கம்! கடன் எவ்வளவு, போதைப் பழக்கம் உண்டா, வெளிநாட்டில் யாரைத் தெரியும், சொந்தக்காரர்கள் யார் யார்... எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும்.

உள்ளே வந்தது எப்படி?

2014 மார்ச்சிலேயே ஒரு ஹேக்கர் கும்பல் உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. உடனே விரட்டாமல், என்னதான் செய்கிறார்கள் என்று கண்காணித்து, மே 27-ல் வெளியேற்றினார்கள். ஆனால் மே 7-லேயே இன்னொரு கும்பல் நுழைந்திருந்தது. பின்னணி விசாரணை செய்து தரும் ஒப்பந்த நிறுவனத்திடம் இருந்து திருடிய லாகின் விவரம் அவர்கள் கையில். ஒருத்தனைத் துரத்திய நேரத்தில் இன்னொருத்தனைக் கவனிக்கவில்லை. அது தெரியவந்தது 2015 ஏப்ரலில்தான்.

அதற்குள் 2.15 கோடி பேரின் விசாரணை விவரங்கள் போய்விட்டன. இதில் சுமார் 18 லட்சம் பேர் விண்ணப்பமே போடாதவர்கள். விண்ணப்பித்தவர்களின் கணவன், மனைவி போன்றவர்கள். அமெரிக்க அதிகாரிகள் சீனாவைக் கை காட்டினார்கள். சீனா மறுத்தது.

தடுத்திருக்க முடியாதா?

நம்ம பேங்க் ஆப்பில் பாஸ்வேர்டு போட்ட பிறகும் ஓடிபி கேட்கும் இல்லையா? அதே மாதிரி, அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு ஸ்மார்ட் கார்டு கட்டாயம் என்ற உத்தரவு 2004-லேயே வந்துவிட்டது. பத்து வருஷம் கழித்து, 2014 நவம்பர் தணிக்கையில் பார்த்தால், ஓபிஎம்-மின் 47 முக்கிய அமைப்புகளில் ஒன்றுகூட அந்தக் கார்டைக் கேட்கவில்லை. வெறும் பாஸ்வேர்டு போதும்!

தகவல்களை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால்? அதுவும் உதவியிருக்காது என்று நாடாளுமன்ற விசாரணையில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரி சொன்னார். சரியான பாஸ்வேர்டோடு வருபவருக்கு கம்ப்யூட்டரே பூட்டைத் திறந்து காட்டிவிடும்.

பிறகு என்ன ஆனது?

ஓபிஎம் இயக்குநர் கேத்தரின் ஆர்ச்சுலெட்டா 2015 ஜூலையில் ராஜினாமா செய்தார். எல்லா அரசுத் துறைகளும் 30 நாளில் பாதுகாப்பை பலப்படுத்த வேண்டும் என்று உத்தரவு பறந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்த வழக்கு, 2022-ல் 6.3 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

திருடுபோன பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடலாம். ஆனால் அந்தத் தகவல்களோடு 56 லட்சம் பேரின் கைரேகையும் சேர்ந்து போயிருக்கிறது. அதை எப்படி மாற்றுவது?