பழைய லேத் வணிகம் (காஞ்சிபுரம் வட்டாரம்)

ஒரு பட்டறையில் ஓடிய உலோகக் கடைசல் இயந்திரம் இன்னொரு பட்டறைக்குக் கைமாறும் தொழில். கடைசல் என்ற சொல்லும் வேலையும் தமிழுக்குப் பழையவை. அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள் கடைசலில் உருவானவைதான். இரும்பு கடையும் இயந்திரத்தை மட்டும் பட்டறைக்காரர்கள் லேத் என்றே சொல்கிறார்கள்.

காஞ்சிபுரம் என்றால் பட்டு. ஆனால் கைத்தறி மரத்தால் ஆனது. நெசவுத் தெருவிலிருந்து லேத்துக்கு வரும் வேலை கொஞ்சம். ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த பழைய செங்கற்பட்டுச் சீமையில் லேத்துக்குச் சோறு போடுபவை பம்ப் ஷாஃப்டுகள், அரிசி ஆலைச் சாமான்கள், டிராக்டர், லாரி உதிரிகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழில் பெருகியது. பெரிய வேலைகள் சி.என்.சி. இயந்திரத்துக்குப் போய்விட்டன. ஒற்றை ஷாஃப்டைப் பழுது பார்க்க இன்றும் கை லேத்தான் வேண்டும். பழையதற்கு ஆள் இருப்பது அதனால்தான்.

சந்தையில் பேர் சொன்னால் விலை பேசும் இயந்திரங்கள் சில உண்டு. 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் எச்-22, 1941இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரின் லேத்துகள், கோவை பீளமேட்டின் பி.எஸ்.ஜி. லேத்துகள் அந்த வரிசையில் வரும். ராஜ்கோட், பட்டாலா ஊர்களின் இலகு லேத்துகள் அடுத்த தட்டு. அளவை அடியில் சொல்வது வழக்கம். ஆறடி லேத் என்பது பெட் எனும் அடிச்சட்டத்தின் நீளம். ஒரு முனையில் ஹெட்ஸ்டாக்கும் மறுமுனையில் டெயில்ஸ்டாக்கும் அதில் இடம் பிடித்துக்கொள்வதால் ஆறடி ஷாஃப்டை அதில் மாட்ட முடியாது. இது தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் உண்டு.

விலைக்கு அடித்தளம் எடை. எடைக்குப் போட்டால் வார்ப்பிரும்பு என்ன தருமோ, அதற்குக் கீழே எந்த லேத்தும் போகாது. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பெட்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெட் சமமாகத் தேயாது. சின்னச் சின்ன வேலைகள் நடப்பது கம்பியைப் பிடித்துச் சுழலும் சக்கின் பக்கத்தில்; தேய்மானமும் அங்கேதான். வழிப்பட்டையின் குறுக்கே நகத்தை ஓட்டினால் தேய்ந்த இடத்துக்கும் தேயாத விளிம்புக்கும் நடுவில் ஒரு படி தட்டும். உளியைச் சுமந்து நகரும் கேரேஜை சக்கின் அருகே நிறுத்தி, ஆட்டம் போகும் அளவுக்கு அடிப்பட்டையை இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பார்ப்பது இன்னொரு வழி. பாதி வழியில் பிடித்து நின்றால் பெட் போய்விட்டது என்று பொருள். சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கு டயல் கேஜ் வைத்து, சக்குக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நெம்பினால் பேரிங்கின் நிலை தெரியும். அரை மணி நேரம் எல்லா வேகத்திலும் ஓட்டி ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பார்ப்பதும் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேல், ஒரு கம்பியில் இரண்டு இடத்தில் கடைந்து மைக்ரோமீட்டரால் அளக்கும் சோதனை. இயந்திரக் கருவிகளின் துல்லியத்தை அளக்கும் முறைகளை ஜெர்மானியப் பொறியாளர் கியோர்க் ஷ்லேசிங்கர் 1927இல் நூலாகத் தொகுத்தார். புதிய லேத்தில் 300 மி.மீ. நீளத்துக்கு விட்டத்தில் ஏறத்தாழ 0.02 மி.மீ. வித்தியாசம் அனுமதிக்கப்படுகிறது. பம்ப் ஷாஃப்ட் வேலைக்கு அவ்வளவு கறார் தேவையில்லை.

புதிதாக வாங்க வருபவர் க்ராஸ் ஸ்லைடு கைப்பிடி ஆடுவதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார். அந்த ஆட்டம் ஒரு நட்டை மாற்றினால் தீரும். பெட்டைத் திரும்ப கிரைண்டிங் செய்வதுதான் செலவு. அன்றைக்கு அடித்த பெயிண்டோடு நிற்கும் லேத்தைவிட, சந்தனம் குங்குமத்தின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஆயுத பூஜைகளின் கணக்குச் சொல்லும் லேத் நம்பத்தக்கது.

மரை வெட்டுவதற்கான சேஞ்ச் கியர்களை எண்ணி வாங்க வேண்டும். பழைய லேத்துகள் பலவற்றின் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு. அதில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் சக்கரம் தேவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதன் ஐந்து மடங்கு 127. முதலில் தொலைந்துபோவதும் அந்தச் சக்கரமாகவே இருக்கும்.

கடனுக்கு அடமானமாக இருக்கும் லேத்தை வங்கியின் தடையில்லாச் சான்று இல்லாமல் வாங்குவது வம்பு. கடன் கட்டத் தவறிய ஆலைகளின் இயந்திரங்களை வங்கிகள் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படியும், 1949இல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் மாநில நிதிக் கழகச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படியும் ஏலம் விடுகின்றன. ஏலத்தில் 'உள்ளது உள்ளபடி' என்பதே நிபந்தனை. ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அரிது.

ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள லேத்தை செயின் பிளாக், உருளைக் குழாய், ஹைட்ரா கிரேன் கொண்டு ஏற்றி இறக்குகிறார்கள். ஆடியில் பலர் நகர்த்தமாட்டார்கள். இறக்கியபின் ஸ்பிரிட் லெவல் வைத்துச் சமன் பார்க்காமல் போல்ட்டை முறுக்கினால் பெட் திருகிக்கொள்ளும். நல்ல லேத்தும் உருளையைக் கூம்பாகக் கடையும்.