தூண்மேல் ஏறிய வீடு

1914. முதல் உலகப் போர் தொடங்கிய வேகத்தில் பெல்ஜியத்து ஊர்கள் இடிந்து விழுந்தன. அவற்றைச் சட்டென்று மீண்டும் எழுப்ப வழி சொன்னார் சுவிஸ் இளைஞர் ஒருவர்: ஆறு கான்கிரீட் தூண், மூன்று தளம், ஒரு படிக்கட்டு. பாரத்தைத் தூண்களே தாங்கும். சுவர் எங்கே வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம். யாரும் சீந்தவில்லை. வரைபடத்தை மட்டும் அவர் தூக்கியெறியவில்லை.

பதினான்கு ஆண்டு கழிந்தது. லெ கார்பூசியே என்ற பெயரில் அவர் புகழ்பெற்றுவிட்டார். பாரிஸுக்கு வெளியே புவாசியில் வார இறுதி வீடு கேட்டு வந்தது சவோய் குடும்பம். வீட்டை மெல்லிய தூண்கள்மேல் தூக்கி நிறுத்தினார். கீழே சுவரை உள்ளே தள்ளி அரைவட்டமாக வளைத்தார். அந்த வளைவுக்கு அளவு தந்தது ஒரு கார்: ஸ்டீயரிங்கை ஒடித்துத் திரும்ப அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு. தூணுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து, வாசலில் ஆளை இறக்கி, சுற்றிப்போய்ச் சாய்வாகக் கொட்டகையில் நிற்கலாம். 1931இல் வேலை முடிந்தது. மழை வந்தது.

கூரை ஒழுகியது. கூடத்தில் மழை, சாய்தளத்தில் மழை, கார் கொட்டகைச் சுவரெல்லாம் ஈரம் என்று 1936இல் கடிதம் எழுதினார் யூஜெனி சவோய். அடுத்து வக்கீல் பேச்சும் வந்துவிட்டது. கட்டடக்கலை மேதையைக் கோர்ட்டு வாசலிலிருந்து காப்பாற்றியது, வேடிக்கைதான், இன்னொரு உலகப் போர். 1940இல் குடும்பம் வெளியேறியது. ஜெர்மன் படையும் பிறகு அமெரிக்கப் படையும் புகுந்தன. 1950களின் இறுதியில் பள்ளிக்கூடம் கட்ட வீட்டையே இடிக்கப் பார்த்தார்கள்.

கட்டடக் கலைஞர்கள் போட்ட கூச்சலும் அமைச்சர் ஆந்த்ரே மால்ரோவின் தலையீடும் வீட்டைக் காத்தன. அதற்குள் தூண்கள் உலகம் சுற்றக் கிளம்பியிருந்தன. லெ கார்பூசியே திறந்துவிட்ட தரைத்தளத்தை, நிலவிலை ஏறிய ஊர்களில் கார்கள் மொத்தமாகப் பிடித்துக்கொண்டன. அடுக்குமாடி விளம்பரத்தில் 'ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்' என்று வருகிறதே, அந்த ஸ்டில்ட்தான் இது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. ஸ்டில்ட் கார் நிறுத்தம் தளப்பரப்புக் கணக்கில் சேராது, கட்டுபவருக்குக் கசக்குமா? சென்னைக்கு மட்டுமல்ல, அதே ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கும் இதே விதிதான். ஆனால் இங்கே பலரும் மேலே அறைகளை வரைந்து முடித்துவிட்டுத்தான் கீழே காரை நுழைக்கப் பார்க்கிறார்கள். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இரண்டு கார் நிற்கத் தூண்களுக்கு நடுவே 5 மீட்டர் இடைவெளி வேண்டும். படுக்கையறைச் சுவருக்குத் தோதாக நாலரை மீட்டரில் தூணை நட்டால், ஒரு கார் தெருவில்தான்.