ஆறாவது தோட்டாவுக்குப் பிறகு

ரிவால்வரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அது சுடும் வேகத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அதன் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தால் வேறொரு கவலை புலப்படுகிறது. தோட்டாக்கள் தீர்ந்தபின், ஏந்தியவன் வெறும் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடைவெளி பற்றிய கவலை அது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பொறியாளர்கள் அந்த இடைவெளியோடுதான் மல்லுக்கட்டினார்கள். நம் பழைய திரைப்படங்களின் வில்லன்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவர்களுடைய துப்பாக்கியில் தோட்டா தீர்ந்ததே கிடையாது.

சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் தயாரித்த ரிவால்வர் ஐந்து முறை சுடக்கூடியது. இன்று நாம் தோட்டா என்று சொல்லும் உலோகக் கூடு அதில் இல்லை. சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை இடித்து இறக்கி, பின்புறம் ஒரு சிறு செப்பு மூடியைப் பொருத்த வேண்டும். தொடக்க கால மாதிரிகளில் இதற்காகத் துப்பாக்கியையே பிரித்தாக வேண்டியிருந்தது. எனவே விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே நிரப்பிய மாற்று உருளை ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடைவெளியின் மதிப்பை அன்று நன்கு அறிந்திருந்தவர்கள் டெக்சாஸ் சமவெளியின் கொமான்சி வீரர்கள். ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிக்காரர்கள் முதல் முறை சுட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அவர்கள் மறுபடி மருந்து இடிக்கும் நேரத்தில் அம்புகளோடு பாய்வது அவர்களுடைய போர்முறை. 1844 ஜூனில் வாக்கர்ஸ் க்ரீக் என்ற இடத்தில் ஜாக் ஹேஸ் தலைமையிலான சிறு ரேஞ்சர் படையிடம் அந்தக் கணக்கு பொய்த்தது. வழக்கமாக இது ரிவால்வரின் வெற்றியாகவே எழுதப்படுகிறது. வெற்றி பெற்றவர்கள் எழுதிய வரலாறு அது. ஆனால் சண்டையின் முடிவில் ரேஞ்சர்களிடமும் குண்டு ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே ஈட்டிக்காயம் பட்டுப் பிழைத்த சாமுவேல் வாக்கரின் யோசனைகளைக் கேட்டுத்தான் கோல்ட் 1847-ல் புதிய மாதிரியைச் செய்தார். ஆறு குண்டுகள், ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. குண்டை இடிக்கும் நெம்புகோல் குழலுக்கு அடியிலேயே பொருத்தப்பட்டிருந்தது. சுடும் அதிர்ச்சியில் அந்த நெம்புகோல் தானே கீழிறங்கி உருளையை மறித்துவிடுவதும் உண்டு!

அடுத்த தடை நீதிமன்றத்தில் இருந்தது. பின்பக்கமிருந்து தோட்டாவைச் செருகும்படி, முழுவதும் துளையிட்ட உருளைக்கு 1855-ல் ரோலின் வைட் என்பவர் காப்புரிமை பெற்றார். அதை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் துப்பாக்கிக்கு 25 சென்ட் வீதம் கொடுத்து வாங்கிக்கொண்டு, உலோகத் தோட்டா ரிவால்வரை 1857-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காப்புரிமையைக் காக்கும் வழக்குச் செலவு வைட்டின் தலையில் விழுந்தது. 1869 வரை மற்றவர்கள் சட்டப்படி அந்த உருளையைச் செய்ய முடியவில்லை. இடையில் நான்காண்டு உள்நாட்டுப் போர் நடந்து முடிந்தது. பெரும்பாலான வீரர்கள் பழையபடி மருந்தும் குண்டும் இடித்தே போரிட்டார்கள். மிசூரியின் கெரில்லாக் குதிரைப்படையினர் நிரப்புவதையே விட்டுவிட்டு, ஆளுக்கு நான்கைந்து ரிவால்வர்களைச் செருகிக்கொண்டு திரிந்தார்கள். வைட்டுக்கு நிவாரணம் தரும் மசோதாவை 1870-ல் அதிபர் கிராண்ட் மறுத்தார். அந்தக் காப்புரிமையால் போர்க்காலத்தில் அரசுக்கு நேர்ந்த இடையூறு குறித்த படைக்கலத் துறையின் ஆட்சேபமும் அந்த மறுப்பில் இடம்பெற்றது.

உலோகத் தோட்டா வந்தபின் காலிக்கூடுகளை வெளியேற்றுவது பெரிய பிரச்சினையானது. கோல்டின் புகழ்பெற்ற 1873 மாதிரியில் பக்கவாட்டுக் கதவு வழியே ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒவ்வொன்றாகவே போட வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1870-ல் செய்த ரிவால்வரும், 1887-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற வெப்ளியும் நடுவில் மடங்கித் திறந்து எல்லாக் கூடுகளையும் ஒரே வீச்சில் உதறின. (2014-ல் பெண்களின் தற்காப்புக்கென்று கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட ‘நிர்பீக்’ ரிவால்வரும் இப்படி மடங்கித் திறப்பதே.) பின்னர் பக்கவாட்டில் விலகித் திறக்கும் உருளை வந்தது. ஆறு தோட்டாக்களை வட்டமாகப் பிடித்து ஒரே அழுத்தில் இறக்கும் சாதனத்துக்கு பிரிடோ என்ற ஆங்கிலேயர் 1893-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1917-ல் அமெரிக்க ராணுவம், பிஸ்டல் பற்றாக்குறையால், விளிம்பில்லாத பிஸ்டல் தோட்டாவை ரிவால்வரில் பயன்படுத்த நேர்ந்தபோது, மும்மூன்றாகப் பிடிக்கும் அரைவட்டத் தகடுகளைச் சேர்த்தது. வேகம் அங்கே எதிர்பாராமல் கிடைத்த உபரி லாபம்.

இவ்வளவும் கையில் இருந்தும் அமெரிக்கக் காவலர்களில் பெரும்பாலோர் 1970 வரை தோல்பையிலிருந்து உதிரித் தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5 நள்ளிரவை ஒட்டி, கலிபோர்னியாவின் நியூஹால் அருகே, இரண்டு குற்றவாளிகள் சில நிமிடங்களுக்குள் நான்கு நெடுஞ்சாலைக் காவலர்களைக் கொன்றார்கள். அவர்களில் ஓர் இளைஞர் ஆறு தோட்டாக்களையும் சுட்டு முடித்து, காயங்களோடு காரின் பின்னால் ஒதுங்கி மீண்டும் நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஒருவன் நெருங்கிவந்து சுட்டான்.

இதன்பின் ஒரு கதை பரவியது. இறந்த காவலரின் கால்சட்டைப் பையில் ஆறு காலிக்கூடுகள் இருந்தனவாம். பயிற்சித் திடலில் குப்பை போடக்கூடாது என்று பழக்கியிருந்ததால், உயிர் போகும் வேளையிலும் அவர் கூடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டாராம். காவல் பயிற்சிப் பள்ளிகளில் பல்லாண்டுகள் இது பாடமாகச் சொல்லப்பட்டது. ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்து மைக் வுட் 2013-ல் வெளியிட்ட நூல் இதை மறுக்கிறது. கூடுகள் தரையில்தான் கிடந்தன. அந்தப் பயிற்சிப் பழக்கம் பல இடங்களில் உண்மையாகவே இருந்தது, அதை மாற்றியதும் நல்லதே. ஆனால் அதற்காக, செய்யாத ஒரு பிழையை இறந்தவர் மீது நாற்பதாண்டுகள் சுமத்தியிருந்தார்கள். உதிரித் தோட்டாக்களை இடுப்பில் கட்டி அனுப்பிய துறையைக் கேள்வி கேட்பதைவிட, இறந்தவரின் பையைப் பற்றிப் பேசுவது பலருக்கும் வசதியாக இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

நியூஹாலுக்குப் பின் வட்ட நிரப்பிகள் காவலர்களின் இடுப்புப்பட்டைக்கு வந்தன. குழலை வானோக்கிப் பிடித்துக் கூடுகளை உதறி, குழலைக் கவிழ்த்து நிரப்பியைப் பொருத்தி, குமிழைத் திருக வேண்டும். பழகிய கைக்குச் சில நொடிகள் போதும். ஆனால் இதற்கு இரண்டு கைகள் வேண்டும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில் கையில் குண்டு பாய்ந்த எஃப்.பி.ஐ. அதிகாரி கார்டன் மெக்நீல், தன் ரிவால்வரை மீண்டும் நிரப்ப முயன்று முடியாமல் தவித்தார். அவர் உயிர் பிழைத்தார். உடன் பணியாற்றிய இருவர் இறந்தனர். அதன்பின் எஃப்.பி.ஐ. கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டியைச் செருகும் பிஸ்டலுக்கு மாறியது. மற்றக் காவல்துறைகளும் ஒவ்வொன்றாக ரிவால்வரைக் கைவிட்டன.