துணியில் பிசிறு உருண்டை: கத்தரியிலிருந்து நொதி வரை

உடுத்தும் துணியின் மேற்பரப்பில் உராய்வினால் இழைநுனிகள் வெளியே வந்து, ஒன்றோடொன்று சிக்கிச் சிறு மணிகளாகத் திரள்வதைப் பின்னலாடைத் துறையினர் ‘பில்லிங்’ என்பர். மாத்திரை, சிறு உருண்டை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் இதற்கு ஒரே பெயர் நிலைபெறவில்லை. ‘துணி உருண்டை பிடித்துவிட்டது’ என்பதே வீடுகளில் பொதுவாகச் சொல்வது. இங்கு இது பிசிறு உருண்டை எனப்படுகிறது. துணி கிழிவதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பழையதாகக் காட்டிவிடும் குறை இது. இதை நீக்கும் முயற்சியின் வரலாறு ஒரு தொழிலாளர் கிளர்ச்சி, ஒரு போர்க்காலக் காளான், வேண்டுமென்றே வலுக்குறைத்துச் செய்யப்பட்ட ஓர் இழை ஆகியவற்றின் வழியாகச் செல்கிறது.

உருண்டை உருவாகும் விதம்

பருத்தி, கம்பளி போன்ற இழைகள் குட்டையானவை. அவற்றை முறுக்கித்தான் நூலாக்குகிறார்கள். ஆகவே எந்த நூலிலும் ஆயிரக்கணக்கான இழைநுனிகள் உள்ளே ஒளிந்திருக்கும். அக்குள், இடுப்பு, பை உரசும் தோள், சட்டைக் கை மேசையில் படும் இடம் ஆகியவற்றில் உராய்வு அந்த நுனிகளை வெளியே இழுக்கிறது. முதலில் மென்மையான பிசிறு கிளம்பும். பிறகு பிசிறுகள் சுழன்று முடிச்சாகும். முடிச்சைத் துணியோடு பிடித்திருக்கும் சில இழைகள் அறுந்தால் உருண்டை உதிர்ந்துவிடும். கின்டிஸ், மீட் ஆகிய இருவரும் 1959இல் ஒரு நெசவியல் ஆய்விதழில் இந்த மூன்று கட்டங்களையும் விளக்கினர். பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவையே.

இந்த விளக்கத்திலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு துணியில் நாம் காணும் உருண்டைகள், புதிதாகத் தோன்றியவற்றிலிருந்து உதிர்ந்தவை போக மீதம் நிற்பவை. நல்ல பருத்தித் துணியிலும் உருண்டை உண்டாகத்தான் செய்கிறது. பருத்தி இழை எளிதில் அறுவதால் அது நிலைத்து நிற்பதில்லை, அவ்வளவுதான்.

கத்தரிக்காரர்கள்

பிசிறைத் துணியின் பகையாகக் கண்டது பழைய பழக்கம். பண்டைய பாம்பேய் நகரில் துணி வெளுக்கும் பட்டறை ஒன்றின் சுவரோவியத்தில், கம்பத்தின் மேல் தொங்கவிட்ட துணியை ஒருவர் தூரிகையால் வாரிவிடும் காட்சி இருக்கிறது. காஷ்மீரில் பஷ்மினா சால்வையை நெய்து முடித்தபின், ‘புர்ஸ்கர்’ எனப்படும் கைவினைஞர்கள் இரும்புக் கவ்வியால் அதன் மேலிருக்கும் பிசிறையும் முடிச்சையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தனர். பஷ்மினா மிக நுண்ணிய இழை. பொறுமை இல்லாமல் அந்தத் துணியைச் சீராக்க முடியாது.

இங்கிலாந்தில் இந்த வேலை பெருந்தொழிலாக வளர்ந்தது. நெய்த கம்பளியை முதலில் தண்ணீரில் அடித்து மிதித்துச் சுருங்க வைப்பார்கள். அப்போது இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். பிறகு ‘டீசல்’ என்னும் முட்செடியின் காய்ந்த பூத்தலைகளால் துணியை வாரி, உள்ளே தளர்வாயிருக்கும் இழைநுனிகளை எல்லாம் மேலே எழுப்புவார்கள் (எரிபொருளான டீசலுக்கும் இதற்கும் தொடர்பில்லை). எழுந்த பிசிறைப் பெரிய கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டிவிட்டால் துணி வெல்வெட்டைப் போல வழுவழுப்பாகும். பிற்காலத்தில் உருண்டையாகத் திரளக்கூடிய நுனிகளைப் பட்டறையிலேயே எழுப்பி, பட்டறையிலேயே வெட்டிவிடுவதுதான் இந்த முறையின் சாரம். அதன் நோக்கம் துணிக்கு அழகும் விலையும் கூட்டுவது. உருண்டை பிடிக்காமலிருப்பது உடன் கிடைத்த பயன்.

யார்க்ஷயரில் இந்தக் கத்தரிக்காரர்களுக்கு ‘கிராப்பர்’ என்று பெயர். அவர்களின் கத்தரி சுமார் நான்கு அடி நீளம், ஏறக்குறைய இருபது கிலோ எடை. வளைந்த மேசையில் விரித்த துணியின் மேல் அதைப் படுக்கவைத்து, ஒரு பிடியை இழுத்து இழுத்து அலகுகளை இயக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்பவரின் மணிக்கட்டில் தடித்த காய்ப்பு ஏறிவிடும். ஒருவர் கிராப்பர் என்பதைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். கை சற்றுப் பிசகினால் வாரக்கணக்கில் நெய்த துணியில் ஓட்டை விழும். சரியாகச் செய்தால் துணியின் விலை பல மடங்கு ஏறும். அதனால் அவர்களுக்குக் கூலியும் மதிப்பும் அதிகம், ஒற்றுமையும் அதிகம்.

வாரும் வேலையை எந்திரத்தில் செய்ய ‘கிக் மில்’ என்ற பொறி வந்தபோது, ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1552இலேயே அதைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டரை நூற்றாண்டு கழித்து ஆலை முதலாளிகள் அந்தச் சட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. கத்தரிக்காரர்கள் நாடாளுமன்றத்திடம் முறையிட்டார்கள். 1809இல் நாடாளுமன்றம் பழைய கம்பளிச் சட்டங்களையே நீக்கிவிட்டது. அதே வேளையில் பல கத்தரிகளை ஒரு சட்டகத்தில் பூட்டி இயக்கும் வெட்டும் பொறியும் பரவியது. மார்ஸ்டன் ஊரைச் சேர்ந்த ஈனக் டெய்லர் என்னும் கொல்லர் அவற்றைச் செய்து விற்றார். பொறிகளை உடைக்கப் பயன்பட்ட பெரிய சம்மட்டிக்கும் ‘ஈனக்’ என்றே பெயர் வைத்தார்கள் கத்தரிக்காரர்கள். கசப்பிலும் அவர்களுக்கு நகைச்சுவை இருந்தது.

1812ஆம் ஆண்டு யார்க்ஷயரில் நடந்த லுடைட் கிளர்ச்சியின் முதுகெலும்பு இவர்கள்தான். லுடைட் என்றதும் நெசவாளரை நினைப்பவர்கள் பலர். நாட்டிங்ஹாமில் அது காலுறை பின்னுபவர்களின் போராட்டம். யார்க்ஷயரிலோ துணியின் பிசிறை வெட்டுபவர்களின் போராட்டம். பொறிகளை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்ட முன்வரைவை எதிர்த்து, 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் அவையில் கவிஞர் பைரன் பேசினார். அது அங்கு அவர் ஆற்றிய முதல் உரை. சட்டம் நிறைவேறியது. ஏப்ரல் 11 இரவு சுமார் நூற்றைம்பது பேர் ராஃபோல்ட்ஸ் ஆலையைத் தாக்கினார்கள். ஆலையை நடத்திய வில்லியம் கார்ட்ரைட் படைவீரர் சிலரோடு உள்ளே காத்திருந்தார். தாக்கியவர்களில் இருவர் குண்டடிபட்டு இறந்தனர். ஏப்ரல் 28 அன்று ஆலை முதலாளி வில்லியம் ஹார்ஸ்ஃபால் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1813 ஜனவரியில் யார்க் நகரில் பதினேழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஹார்ஸ்ஃபால் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட ஜார்ஜ் மெல்லரும் அவருடைய இரு தோழர்களும் அவர்களில் அடங்குவர்.

கைக்கத்தரி அடுத்த தலைமுறைக்குள் மறைந்தது. 1815இல் கிளாஸ்டர்ஷயரில் ஜான் லூயிஸ், உருளையின் மேல் திருகுபோல வளைந்த கத்திகள் சுழன்று பிசிறை வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதே வட்டாரத்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங், துணியின் பிசிறை வெட்டும் பொறி புல்லையும் வெட்டாதா என்று யோசித்து, 1830இல் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் விற்கும், மின்கலத்தில் ஓடும் துணிச் சவரக்கருவி இந்தப் பொறியின் தூரத்து உறவு. துளையிட்ட தகட்டின் வழியே உருண்டை உள்ளே நுழைகிறது. அடியில் சுழலும் கத்தி அதை வெட்டுகிறது.

நெருப்பு

பருத்தித் துணியில் பிசிறை வெட்டுவதைவிடப் பொசுக்குவது எளிது. பழுக்கக் காய்ச்சிய உலோகத் தகட்டின் மேல் துணியை விரைவாக இழுத்துச் செல்வது பழைய முறை. நாட்டிங்ஹாம் அருகே சாமுவேல் ஹால், வாயுச் சுடரின் வழியே துணியைச் செலுத்திப் பிசிறை எரிக்கும் முறைக்கு 1817இல் காப்புரிமை பெற்றார். சரிகைப் பின்னலுக்கும் மஸ்லினுக்கும் அது பெரிதும் பயன்பட்டது. இன்றும் சட்டைத்துணி ஆலைகளில் முதல் வேலைகளுள் ஒன்று பொசுக்குதல்தான். ஆனால் செயற்கை இழை கலந்த துணியில் சுடர் மிகுந்தால் இழை உருகி நுனியில் கடினமான மணியாகிவிடும்; உருண்டையை நீக்கப்போய் உருண்டையையே உண்டாக்கியதாகும்.

வலுவே குறையான கதை

பிசிறு உருண்டை பெருந்தொல்லையாக உருவெடுத்தது 1950களில். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். ஐசிஐ நிறுவனம் அதை டெரிலின் என்றும், அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் டேக்ரான் என்றும் விற்றன. டெரிலின், டெரிகாட்டன் என்ற சொற்கள் பின்னர் தமிழ்நாட்டுத் துணிக்கடைகளிலும் புழங்கின. கசங்காது, சீக்கிரம் காயும், நெடுநாள் உழைக்கும் என்பதே அதன் பெருமை.

நீண்ட தொடர் இழையாக நெய்தபோது சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. தொடர் இழையில் வெளியே வர நுனியே இல்லை. கம்பளியோடும் பருத்தியோடும் கலப்பதற்காக அதைக் குட்டையாக வெட்டியபோதுதான் தொல்லை தொடங்கியது. வழுவழுப்பான பாலியெஸ்டர் இழை நூலிலிருந்து எளிதில் நழுவி வெளியே வந்தது. திரண்ட உருண்டையை அதன் வலுவான இழைகள் இறுகப் பிடித்துக்கொண்டன. கம்பளியானால் அறுந்து உதிர்ந்திருக்கும். பாலியெஸ்டர் உருண்டையோ துணி இருக்கும்வரை இருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்துத் துணிகளின் தூசையும் வண்ண இழைகளையும் சேர்த்துக்கொண்டது. நெடுநாள் உழைக்கும் என்று விற்ற சட்டை, உழைக்கும் திறன் குன்றாமலே, சில மாதங்களில் உடுத்த முடியாத தோற்றம் கொண்டது.

இதற்குக் கண்ட தீர்வுகளில் ஒன்று வியப்பானது. மூலக்கூறுச் சங்கிலியைக் குறுக்கி, இழையின் வலுவை வேண்டுமென்றே குறைத்தார்கள். உருண்டை தோன்றட்டும், தோன்றியபின் தானே அறுந்து விழட்டும் என்பது கணக்கு. ‘உருண்டை குறைந்த பாலியெஸ்டர்’ என்று இன்றும் விற்கப்படும் இழை பெரும்பாலும் இந்த வகை. வலுவையே பெருமையாகச் சொன்ன ஒரு தொழில் வலுவைக் குறைத்து விற்கும் நிலைக்கு வந்தது.

உருண்டையை அளக்கும் கருவிகளும் இதே காலத்தில் பரவின. லீட்ஸ் நகரின் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தில் மார்ட்டிண்டேல் 1940களில் அமைத்த தேய்மானக் கருவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஐசிஐ பெட்டி என்பது இன்னொன்று. ரப்பர் போன்ற நான்கு குழாய்களில் துணியைச் சுற்றி, உட்புறம் தக்கை பதித்த பெட்டியில் போட்டு, நிமிடத்துக்கு அறுபது முறை வீதம் மணிக்கணக்கில் உருட்டுவார்கள். பிறகு படங்களோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை தரம் இடுவார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் முழுக்க உருண்டை. இந்த எண்ணைக் கடைசியில் தீர்மானிப்பது மனிதக் கண்தான். ஒருவர் 3 என்பதை இன்னொருவர் 3-4 என்பது சாதாரணம். அந்த அரைத் தரத்தில் ஓர் ஏற்றுமதிச் சரக்கே நின்றுபோகலாம்.

கூடாரம் தின்ற காளான்

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளிலிருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் பெட்டிகளும் வேகமாக மட்கிப்போயின. சாலமன் தீவுகளில் அவ்வாறு மட்கிய பருத்தித் துணியிலிருந்து ஒரு காளான் பிரித்தெடுக்கப்பட்டது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் நினைவாகப் பின்னர் அதற்கு டிரைக்கோடெர்மா ரீசெய் என்று பெயர் வந்தது. பருத்தியின் செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸ் என்னும் நொதியை அது ஏராளமாகச் சுரக்கிறது. ராணுவத்துக்கு அன்று தேவைப்பட்டது அதைத் தடுக்கும் வழி. பின்னாளில் தொழில்துறை அதே காளானை வளர்த்து நொதி எடுத்தது.

1980களில் ஜீன்ஸ் துணியைக் கல்லுக்குப் பதிலாக நொதியால் வெளிறச் செய்யத் தொடங்கினார்கள். அப்பத்தாண்டின் இறுதியில் அதே நொதியால் பருத்தித் துணியின் பிசிறை நீக்கும் முறை வந்தது. அதற்கு உயிர்மெருகு என்று பெயரிடலாம். திருப்பூரில் அதன் பெயர் ‘பயோவாஷ்’. சற்றே அமிலத்தன்மையுள்ள, ஐம்பது பாகை செல்சியஸ் அளவில் சூடான நீரில் துணியைப் புரட்டுவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய நுனிகளை நொதி முதலில் பலவீனமாக்கும். தண்ணீரின் அலைப்பு அவற்றை உடைத்தெடுக்கும். நேரம் முடிந்ததும் சூட்டைக் கூட்டியோ காரம் சேர்த்தோ நொதியை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தத் தவறினால் அது துணியையே தின்னும். சரியாகச் செய்தாலும் துணியின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு குறையும். வலுவும் சற்றுக் குறையும். எடைக்கணக்கில் விற்கும் ஊரில் இது சிறிய இழப்பல்ல. பாலியெஸ்டர் இழையை இந்த நொதி தீண்டாது. ஆகவே கலப்புத் துணியில் பருத்தியின் பிசிறு போனாலும் மற்றதன் பிசிறு அப்படியே நிற்கும்.

திருப்பூரில் பனியன் துணி வாங்குவோர் ‘காம்டு நூலா, பயோவாஷ் செய்ததா’ என்று கேட்பதன் பின்னணி இதுதான். காம்டு நூல் என்பது நூற்பதற்கு முன்பே குட்டை இழைகளைச் சீவி நீக்கியது. நுனிகள் குறைவு, விலை கூடுதல். முறுக்கைக் கூட்டினாலும் பிசிறு குறையும், ஆனால் துணி விறைப்பாகிவிடும். வாங்குபவர் கடையில் தொட்டுப்பார்த்து விரும்பும் மென்மையைத் தருவது தளர்ந்த முறுக்கும் தளர்ந்த பின்னலும். உருண்டை பிடிப்பதும் அவற்றால்தான்.

வீட்டில்

வீட்டில் செய்யக்கூடியது உராய்வைக் குறைப்பது. உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுத் துவைப்பதால் சலவை எந்திரத்தின் உராய்வு முகப்புப் பக்கத்தில் படாது. ஜீன்ஸ், துண்டு போன்ற முரட்டுத் துணிகளோடு மெல்லிய பின்னலாடையைச் சேர்க்காமலிருப்பதும், எந்திரத்தை மென்சுழற்சியில் குறைந்த நேரம் ஓட்டுவதும் உதவும். கல்லில் அடித்துத் துவைப்பதும் தூரிகையால் தேய்ப்பதும் அழுக்கோடு இழைநுனிகளையும் இழுத்து வருகின்றன. வந்த உருண்டையைக் கையால் பிய்க்கக்கூடாது; பிய்க்கும்போது நூலிலிருந்து புதிய இழைகள் வெளியே வந்து அடுத்த உருண்டைக்கு விதையாகின்றன. துணியை மேசையில் சமமாக விரித்துச் சவரக்கருவியாலோ சிறு கத்தரியாலோ வெட்டியெடுப்பதே முறை. கம்பளியில் முதல் சில மாதங்கள் உருண்டை மிகுதியாக வந்து, தளர்ந்த இழைகள் தீர்ந்ததும் குறைந்துவிடும். கலப்பு பாலியெஸ்டரில் அப்படி எதிர்பார்க்க முடியாது.