திண்டிவனத்து அவுரி ரெங்கத்துத் தலைக்கு வந்த கதை

விதைத்த மூன்றாம் மாதம், பூ விடும் முன்பே அவுரியை அறுத்துவிடுவார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் இன்றும் அது பயிராகிறது. இலையை உலர்த்தி அரைத்தால் பச்சைப் பொடி. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் மளிகைச் சாமானோடு வாங்கி, ரெங்கத்து வீட்டில் நரைக்குப் பூசும் பொடி அதுதான். அது வந்த வழி நீளமானது.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த இலை துணிக்குத்தான் போனது. தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரைக் கலக்கி அடித்து, அடியில் தங்கிய நீலத்தைக் கட்டியாக்கி ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். தென்னாற்காடு ஜில்லா அதில் பேர்போனது. 1897-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அவுரிக் கொல்லைகள் சுருங்கிப்போயின.

அதே காலத்தில்தான் மலாயாவில் ரப்பர் பெருகியது. தென்னாற்காடு, வடாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களில் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். 1909-ல் ஜொகூர் பாரு வரை ரயில்பாதை முடிந்தது. அந்தப் பாதையோர ஊர்தான் ரெங்கம். அன்று சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள், தோட்டம்தோறும் தமிழர் லயங்கள். அவுரி விழுந்ததால்தான் ஆட்கள் வந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் சேர்ந்தே அவர்களைத் தள்ளின. ஆனாலும், ஒரு பயிர் மதிப்பிழந்த அதே ஆண்டுகளில் அதே மண்ணின் மக்கள் கப்பலேறியதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அவுரிக்கும் வேறு வேலை கிடைத்தது. துணியில் தோற்ற இலை இப்போது தலைமுடிக்குப் போகிறது, அதுவும் கட்டியாக அல்ல. நீலக்கட்டி தண்ணீரில் கரையாது, முடியில் ஏறாது. உலர்ந்த இலைக்குள் நிறமாக மாறாமல் காத்திருக்கும் சத்து ஈரம் பட்டதும் பிரிந்து, முடிக்குள் நுழைந்து, காற்று பட்டபின் நீலமாகிறது. அதனால்தான் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக் கால் மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். ஆறப்போட்டால் நிறம் கிண்ணத்திலேயே முடிந்துவிடும்.

நரையில் அவுரியை மட்டும் பூசினால் நீலம் தட்டும். சில குளியலிலேயே வெளுத்தும் போகும். முதலில் மருதாணி வேண்டும். ராஜஸ்தானின் சோஜத் மருதாணி 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. கடைகளில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். மருதாணியின் நிறம் முடியின் புரதத்தோடு பிணைந்து நரையைச் செம்பட்டையாக்கும். அதை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, மேலே அவுரியை இட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் கறுப்பு. முதல் நாள் பச்சை தெரிந்தால் பதற வேண்டாம். இரண்டு நாளில் கறுத்துவிடும். அதுவரை ஷாம்பு கூடாது. எப்படிப் போட்டாலும் முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும்; வகிட்டில் வெள்ளைக் கோடு திரும்பவும் வரும்.

ஜொகூரின் ஈரக்காற்றில் பிரித்த பொடி சீக்கிரம் வீரியம் இழக்கும், இறுக மூடி வையுங்கள். பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் படியுங்கள். பத்தே நிமிடத்தில் கன்னங்கரேல் என்று ஆக்கும் "கறுப்பு மருதாணி" அவுரி அல்ல. பெரும்பாலும் அதில் பாரா-ஃபெனிலின்டைஅமின் இருக்கும். ஒவ்வாதவர்களுக்குத் தலை கொப்புளித்து முகம் வீங்கிவிடும். மலேசியாவில் முறையாக விற்கும் அழகுப்பொருளுக்கு என்ஓடி (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு, அதைத் தேடுங்கள். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தைக்கு அசல் மருதாணிகூட ஆகாது, இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். பெரியவர்களும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடுங்கள்.