கம்பியில்லாக் கம்பி

'கம்பியில்லாத் தந்தி' என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பதுண்டு. தந்தி என்றாலே கம்பி, வீணையின் நரம்பு. அப்படியானால் கம்பியில்லாக் கம்பியா என்பது அவர்கள் வாதம். முரண்தான். ஆயினும் நடுக்கடலில் இருப்பவனைக் கரையோடு பிணைக்க ஏதோ ஒரு கம்பி வேண்டியிருக்கிறது என்பதை அச்சொல் மறக்காமல் வைத்திருக்கிறது.

1899 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து திரும்பிய மார்க்கோனி, 'செயின்ட் பால்' கப்பலில் தம் கருவியைப் பொருத்தி, வைட் தீவின் நிலையத்திலிருந்து போயர் போர்ச் செய்திகளைப் பெற்றார். கப்பலின் அச்சகத்திலேயே அவை சிறு செய்தித்தாளாகி, பிரதி ஒரு டாலருக்கு விற்றன. கரையை அடையும் முன்பே கரையின் செய்தி பயணிகளின் கைக்கு வந்துவிட்டது.

அந்த ஆசைக்கு ஒரு விலை உண்டு என்பது 1912 ஏப்ரல் 14 இரவில் தெரிந்தது. டைட்டானிக்கின் தந்தியாளர்கள் இருவரும் மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள். முந்தைய நாள் கருவி பழுதானதால் பயணிகளின் சொந்தச் செய்திகள் மலைபோல் குவிந்திருந்தன. நியூபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் நிலையத்துக்கு அவற்றை அனுப்பிக்கொண்டிருந்த ஜாக் பிலிப்ஸ், பனிக்கட்டிகளுக்கிடையே நின்றுவிட்டதாகக் 'கலிபோர்னியன்' கப்பல் குறுக்கே தெரிவித்தபோது, வேலையைக் கெடுக்காதே என்று வாயடைத்தார். கலிபோர்னியனின் ஒரே தந்தியாளர் சற்று நேரத்தில் கருவியை அணைத்துவிட்டு உறங்கப் போனார். 11.40க்கு டைட்டானிக் மோதியது. பிலிப்ஸைக் குற்றவாளியாக்குவது எளிது. எனக்கு மனம் வரவில்லை. பணம் கட்டியவர்களின் சேதியை அனுப்புவதே அவருக்கு இட்ட பணி. கடலில் இருபத்துநான்கு மணி நேரமும் செவி திறந்திருக்க வேண்டும் என்ற விதியெல்லாம் அதன் பிறகு வந்ததுதான்.

பின்னர் செயற்கைக்கோள்கள் வந்தன. கப்பல்களுக்கென்றே இன்மார்சாட் அமைப்பு 1979இல் உருவானது. 1999 பிப்ரவரியில் புதிய ஆபத்துதவி முறை முழுமையாக நடைமுறைக்கு வர, மோர்ஸ் விடைபெற்றது. ஆனால் கப்பலின் பாதுகாப்புக்கான தொடர்பு வேறு, மாலுமி தன் பிள்ளையின் குரலைக் கேட்பது வேறு. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்று திரும்பும் இணையம் விலை மிகுந்தது. பல சரக்குக் கப்பல்களில் அதை அளந்தே ஊற்றினார்கள்.

2020 ஜூலை 25 அன்று 'வகாஷியோ' என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் மொரீஷியஸின் தென்கிழக்கே பவளப்பாறையில் ஏறி நின்றது. பிரேசில் நோக்கிச் சென்ற கப்பல் கரையை ஏன் இவ்வளவு நெருங்கியது? கைபேசி அலைவரிசை கிடைக்கும் என்பதற்காக என்றது ஜப்பானிய விசாரணை அறிக்கை. பெருந்தொற்றால் இலட்சக்கணக்கான மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப இயலாமல் கடலில் கிடந்த மாதங்கள் அவை. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கசிந்தது. மீனவர்களின் கடற்கழி கறுத்தது. இந்தியரான தலைவருக்கும் இலங்கையரான முதன்மை அதிகாரிக்கும் 20 மாதச் சிறை. பிழை அவர்களுடையதே. ஆனால் அந்த மேல்தளத்தில் கைபேசியை உயர்த்திப் பிடித்து நின்றவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களால் நடுக்கடலிலும் விரைவான இணையம் கிடைக்கிறது. கடற்பணியாளர் உடன்படிக்கையில் 2022இல் ஏற்கப்பட்டு 2024 டிசம்பர் 23இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கப்பலில் பணியாளருக்கு இணையவசதி தரச் சொல்கிறது. நடைமுறையில் இயன்ற அளவுக்கு என்றொரு தொடரும் அதில் உண்டு.