மெட்ரிக்குலேஷன்னா என்னங்க?

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

2008. மதுரையில நல்ல பேர் வாங்கின ஒரு மெட்ரிக்குலேஷன் ஸ்கூல். ஆறாங்கிளாஸ் அட்மிஷனுக்கு நுழைவுத் தேர்வு. திருமங்கலத்துல பஸ் ஏறி நானும் அப்பாவும் பெரியார் ஸ்டாண்டுல இறங்கினோம். எங்க ஊரைப் பத்தி இங்கிலீஷ்ல பத்து வரி எழுதச் சொன்னாங்க. நாலாவது வரியில நின்னுட்டேன். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. "எஸ்.எஸ்.எல்.சி. சார்"னு மெதுவா சொன்னார்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டுல என் நம்பர் இல்லை. அப்பா மேலேருந்து கீழே ரெண்டு தடவை பார்த்தார். ஒண்ணும் பேசாம பருத்திப்பால் வாங்கிக் கொடுத்து ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டார்.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த ஸ்கூல் போர்டுல இருந்த 'மெட்ரிக்குலேஷன்'ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? பதிவேட்டுல பேர் சேர்க்கிறது, அவ்வளவுதான். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்ச வருஷமே மெட்ரிக்குலேஷன் தேர்வும் ஆரம்பிச்சது. அது ஸ்கூலுக்குள்ள போறதுக்கான தேர்வு இல்லை. ஸ்கூல் முடிச்சவன் காலேஜுக்குள்ள போறதுக்கானது. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில படிச்ச வெங்கடராமன்ங்கிற பையன், 1896-ல் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே திருவண்ணாமலைக்கு ரயில் ஏறிட்டார். பின்னாடி ரமண மகரிஷி ஆனவர் அவர்தான். அந்தத் தேர்வுக்கு டிமிக்கி கொடுத்தவங்கள்ல இவ்வளவு பேமஸ் வேற யாரும் இருக்க முடியாது :-)

1910-கள்ல சென்னை மாகாணத்துல மெட்ரிக்குலேஷனுக்கு மாற்றா எஸ்.எஸ்.எல்.சி. வந்துச்சு. ஆனா மெட்ரிக் முழுசாப் போயிடலை. கொஞ்சம் பள்ளிகள் பல்கலைக்கழகத்தோட ஒட்டிக்கிட்டே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகமும், 1966-ல் வந்த நம்ம மதுரைப் பல்கலைக்கழகமும்தான் அதையெல்லாம் பார்த்துக்கிட்டாங்க. 1978-ல் ப்ளஸ் டூ வந்தப்போ, இந்தப் பள்ளிகளுக்குன்னு தனி வாரியம் வந்துச்சு. காலேஜ் வாசல்ல இருந்த தேர்வு போயிடுச்சு, பேர் மட்டும் போர்டுல நின்னுச்சு. அந்தப் பேர் இருந்த ஸ்கூலுக்குள்ள போகவே தேர்வுன்னு ஆயிடுச்சு. வாசல் இறங்கி இறங்கி எல்.கே.ஜி. வரைக்கும் வந்துடுச்சு!

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் போட்டாங்க. 2010 ஏப்ரல் 1-லிருந்து அமல். அதோட 13-வது பிரிவு, ஆறுலேருந்து பதினாலு வயசு வரைக்கும் பிள்ளையையும் சரி, பெத்தவங்களையும் சரி, சோதிச்சு வடிகட்டக் கூடாதுங்குது. மீறினா முதல் தடவை 25,000 ரூபாய் வரைக்கும் அபராதம், அடுத்தடுத்து 50,000. நான் ரெண்டு வருஷம் முந்திட்டேன்!

அப்புறம் சமச்சீர் கல்வி. 2010-ல் ஒண்ணுக்கும் ஆறுக்கும் வந்துச்சு. அடுத்த வருஷம் மத்த வகுப்புகளுக்கு வரவேண்டியது கேஸுல மாட்டிக்கிச்சு. நான் அப்போ ஒன்பதாவது, எங்க ஊர்ப் பக்கத்துலயே தமிழ் மீடியம். ஸ்கூல் திறந்தும் பாடப் புத்தகம் இல்லை. 2011 ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் கையில கிடைச்சது. அதுவரைக்கும் மெட்ரிக் பத்தாவதுக்கு 1100 மார்க், எங்களுக்கு 500. அதுக்கப்புறம் எல்லாருக்கும் 500.

2013-ல் நானும் பத்தாவது எழுதினேன், என்னை வேண்டாம்னு சொன்ன ஸ்கூல் பசங்களும் எழுதினாங்க. மீடியம் வேற, கேள்வி ஒண்ணு. அதனால எல்லாம் சமமாயிடுச்சுன்னு சொல்ல வரலை. அந்தப் பத்து வரி இங்கிலீஷை நான் காலேஜ்லதான் கத்துக்கிட்டேன், ரொம்பக் கஷ்டப்பட்டு.

ஆனா இதையெல்லாம் படிச்சப்போ ஒண்ணு உறைச்சது. மெட்ரிக்குலேஷனுக்கு மாற்றா வந்ததுதான் எஸ்.எஸ்.எல்.சி. அப்படின்னா அன்னிக்கு அந்த ரூம்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டு பதில் சொன்ன எங்கப்பா, அந்த வாசலை எப்பவோ தாண்டினவர். போன வாரம் போன்ல இதைச் சொன்னேன். "அது சரிடா, அன்னிக்கே சொல்லியிருந்தா சீட்டு கொடுத்திருப்பானா?"ன்னார்.